நிலாவிரை இலையைப் பறிக்கும் பருவம்

திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களின் மானாவாரி நிலங்களில் விளையும் நிலாவிரை, 'டின்னவெல்லி ஸென்னா' என்னும் பெயரால் உலக மருந்துச் சந்தையில் அறியப்படுவது. உழவர் சிலர் இதனையும் அவுரி என்பர். நெசவாளர் அறிந்த நீலச்சாய அவுரி வேறு செடியாகும். ஆயினும் இரண்டிற்கும் பொதுவான விதி ஒன்று உண்டு. செடி பூக்கத் தொடங்கும் தறுவாயைக் கடந்துவிட்டால் இலையின் சாரம் குறையத் தலைப்படும்.

நிலாவிரை இலை மலச்சிக்கலைப் போக்குவது அதிலுள்ள ஸென்னோஸைடு என்னும் பொருளாலாகும். நல்ல சரக்கில், உலர்ந்த இலை 100 கிலோவுக்கு ஏறத்தாழ 2½ கிலோ இப்பொருள் இருக்கும். மருந்து செய்வோர் இதனைச் சோதித்தே கொள்முதல் செய்வர். ஆகவே, எடை மிகுந்திருப்பினும் சத்துக் குறைந்த இலை நல்ல விலைக்குப் போகாது.

இளந்தளிரில் இச்சத்தின் விகிதம் அதிகம். ஆனால், தளிராகவே பறித்தால் எடை கிட்டாது, செடியும் நலியும். முற்ற விட்டாலோ எடை ஏறும், சத்து இறங்கும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட பருவத்தை அறிவதே உழவரின் திறமை. இலை முழு வளர்ச்சி பெற்று, தடித்து, நீலம் பாய்ந்த பச்சை நிறம் கொள்வதே அப்பருவத்தின் அடையாளம். விதைத்த 50 முதல் 70 நாட்களுக்குள் முதற் பறிப்பும், 90 முதல் 100 நாட்களுக்குள் இரண்டாம் பறிப்பும் நடைபெறலாம். 130 முதல் 150 நாட்களுக்குள் செடியை அறுத்து, இலையையும் காயையும் தனித்தனியே பிரித்தெடுக்கலாம். காயும் மருந்துக்கு உதவும். முதலில் தோன்றும் பூந்தண்டுகளைக் கிள்ளிவிட்டால் செடி கிளைத்து மேலும் இலை கொடுக்கும்.

பறித்ததோடு வேலை முடிந்துவிடுவதில்லை. பச்சை இலையில் இருப்பது பெரும்பாலும் ஸென்னோஸைடின் மூலப்பொருளேயாகும். இலை மெல்ல உலருங்கால், அதிலுள்ள நொதிகளின் செயலால் அம்மூலப்பொருள் இரண்டிரண்டாக இணைந்து ஸென்னோஸைடாக மாறுகிறது. கடுஞ்சூடு பட்டால் நொதிகள் கெட்டு, இம்மாற்றம் தடைப்படும். குவித்து வைத்தாலோ இலை புழுங்கிக் கறுத்துப் பூஞ்சணம் பிடிக்கும். ஆதலின், பனி நீங்கிய பின் பறித்து, காற்றோட்டமுள்ள நிழலில் மெல்லியதாகப் பரப்பி, அடிக்கடி கிளறி விடுதல் வேண்டும். 7 முதல் 10 நாட்களில் இலை மஞ்சள் கலந்த இளம்பச்சை நிறத்துடன் உலர்ந்துவிடும்.

வெவ்வேறு பறிப்பின் இலைகளை ஒரே மூட்டையில் கலவாதிருத்தல் நலம். முற்றிய இலை சிறிது கலந்தாலும் முழுச் சரக்கின் தரமும் தாழும். பலர் விளைவை ஒன்றுசேர்த்து விற்கும் சங்கத்தில் ஒருவரது கவனக்குறைவு அனைவரின் விலையையும் பாதிக்கும் என்பதை அங்கத்தினர்கள் மனத்திற் கொள்வார்களாக.