சவலைப் பிள்ளை சேட்டை செய்வது ஏன்?

தாய் படுக்கையில்! பிள்ளை அடத்தில்! வீட்டார் செய்ய வேண்டியது என்ன?

"இவன் சேட்டை வரவரத் தாங்க முடியவில்லை!"

தாய் இரண்டாவது முறை மாசமாக இருக்கும் வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. நாஞ்சில் நாட்டிலும் கேட்கலாம். மற்ற நாட்டிலும் கேட்கலாம்.

மூத்த பிள்ளைக்கு 2 வயது அல்லது 3 வயது இருக்கும். நேற்று வரை சமர்த்தாக இருந்த பிள்ளைதான். இன்று சோற்றுக் கிண்ணத்தைத் தட்டி விடுகிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கடிக்கிறது. பாட்டி தூக்கினால் உதைக்கிறது. இரவில் படுக்கையை நனைக்கிறது. மறந்து போன தாய்ப்பாலை மறுபடியும் கேட்கிறது.

தாயோ எழுந்திருக்க முடியாமல் கிடக்கிறாள். சிலருக்கு மசக்கை கடுமை. தண்ணீர் குடித்தாலும் வாந்தி. சிலருக்கு ரத்தக் கொதிப்பு. சிலருக்கு உதிரப் போக்கு. "பாரம் தூக்காதே" என்று டாக்டர் சொல்லி இருக்கிறார். பிள்ளையோ "தூக்கு! தூக்கு!" என்று காலைக் கட்டிக் கொள்கிறது.

முடிவில் பிள்ளையும் அழுகிறது. தாயும் அழுகிறாள்.

பிள்ளை கெட்டுப் போய்விட்டதா? இல்லை. "அம்மை ஏன் என்னைத் தூக்கவில்லை?" என்று அது கேட்கிறது. வாயால் கேட்கத் தெரியாததால், கையாலும் பல்லாலும் கேட்கிறது.

பழைய சொல்

இந்தத் துன்பம் இன்று நேற்று வந்தது அல்ல. தமிழில் இதற்கு ஒரு சொல்லே இருக்கிறது. அதுதான் "சவலை".

கைப்பிள்ளை பால் குடித்துக் கொண்டிருக்கும்போதே தாய் மறுபடியும் கருவுறுகிறாள். பால் குறைகிறது. பிள்ளை மெலிகிறது, எப்போதும் சிணுங்குகிறது. இதைத்தான் நம் பெரியவர்கள் "சவலைப் பிள்ளை" என்றார்கள். பிள்ளையின் மீது அவர்கள் குற்றம் சொல்லவில்லை. அதற்கு வேண்டியது கிடைக்கவில்லை என்றுதான் சொன்னார்கள்.

தமிழர்கள் மட்டும் அல்ல. கடல் கடந்த ஆப்பிரிக்காவிலும் இதற்கு ஒரு சொல் உண்டு.

இன்று கானா என்று அழைக்கப்படும் நாட்டில், 1930ஆம் ஆண்டுகளில் சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் டாக்டர் வேலை பார்த்தார். அவரிடம் பல பிள்ளைகளைத் தூக்கி வந்தார்கள். கால் வீங்கி, தோல் உரிந்து, முகம் வாடிய பிள்ளைகள். பெரும்பாலும் 1 வயதுக்கும் 4 வயதுக்கும் இடைப்பட்டவர்கள். இது என்ன நோய் என்று டாக்டர் அங்குள்ள தாய்மாரைக் கேட்டார்.

"குவாஷியோர்கர்" என்று சொன்னார்கள். அங்குள்ள "கா" மொழியில், அடுத்த பிள்ளை வரும்போது மூத்த பிள்ளைக்கு வரும் நோய் என்று பொருள்!

தாய்ப்பாலை விட்ட பிள்ளைக்குச் சோளக் கஞ்சி மட்டுமே கிடைத்தது. உடம்பை வளர்க்கும் சத்து அதில் போதவில்லை. சிசிலி வில்லியம்ஸ் 1935ஆம் ஆண்டில் அந்தத் தாய்மார் சொன்ன பெயரையே மருத்துவ ஏட்டில் எழுதினார். இன்று உலகம் முழுவதும் டாக்டர்கள் அந்தப் பெயரைத்தான் சொல்கிறார்கள்.

ஆகவே முதல் பாடம் இது. தாய் மாசமாக இருக்கும்போது மூத்த பிள்ளையின் சாப்பாட்டைக் கவனியுங்கள். கஞ்சியும் பிஸ்கட்டும் போதாது. பருப்பு, முட்டை, மீன், பால் வேண்டும். குமரி மாவட்டத்தில் மீனுக்கும் பழத்துக்கும் பஞ்சம் இல்லை. பிள்ளைகளுக்கு ஊட்டுவதற்கென்றே பெயர் பெற்ற மட்டிப் பழம் இந்த மண்ணில் விளைவது. 2023ஆம் ஆண்டில் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. மரச்சீனிக் கிழங்கு வயிற்றை நிரப்பும். ஆனால் அது மட்டும் போதாது. கூடவே மீனும் வேண்டும்.

வயிறு நிறைந்தால் போதுமா?

வயிறு நிறைந்த பிள்ளையும் சேட்டை செய்கிறதே, அது ஏன்?

இங்கிலாந்தில் ஜேம்ஸ் ராபர்ட்சன், ஜாய்ஸ் ராபர்ட்சன் என்ற கணவனும் மனைவியும் இதை ஆராய்ந்தார்கள். தாயைப் பிரிந்த சிறு பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று கூடவே இருந்து பார்த்தார்கள். சினிமாப் படமும் எடுத்தார்கள்.

1969ஆம் ஆண்டில் வந்த படத்தில் ஜான் என்ற பிள்ளை வருகிறான். வயது 17 மாதம். அவன் தாய் இரண்டாவது பிரசவத்துக்காக ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஜானை 9 நாள் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் விட்டார்கள்.

அங்கே சாப்பாட்டுக்குக் குறை இல்லை. அடிப்பவரும் இல்லை. நர்சுகள் நல்லவர்கள்தான். ஆனால் ஆள் மாறிக் கொண்டே இருந்தது. காலையில் ஒருத்தி, மாலையில் இன்னொருத்தி. முதலில் ஜான் அமைதியாக இருந்தான். ஒவ்வொரு நர்சிடமும் போய் ஒட்டப் பார்த்தான். யாரும் அவனுக்கென்று நிலைக்கவில்லை. பிறகு அழுதான். சாப்பிட மறுத்தான். பெரிய கரடி பொம்மையைக் கட்டிக் கொண்டு தரையில் கிடந்தான்.

ஒன்பதாம் நாள் தாய் வந்தாள். ஓடிப் போய்க் கட்டிக் கொண்டானா? இல்லை! அவள் மடியில் இருந்து திமிறினான். அலறினான்.

இதே ராபர்ட்சன் தம்பதி வேறு 4 பிள்ளைகளை, ஒருவர் பின் ஒருவராகத் தங்கள் வீட்டிலேயே வைத்துப் பார்த்தார்கள். அவர்களில் ஒருத்தி ஜேன். அவளுக்கும் 17 மாதம். அவள் தாயும் பிரசவத்துக்குப் போனவள். ஆனால் ஜேனைப் பார்த்துக் கொண்டவர் ஒரே ஆள்: ஜாய்ஸ் ராபர்ட்சன். தாய் போவதற்கு முன்னாலேயே அந்த வீட்டுக்கு ஜேனை அழைத்து வந்து பழக்கினார்கள். அவள் பழகிய சாப்பாடு, பழகிய தூக்க நேரம் எதையும் மாற்றவில்லை. தகப்பன் வந்து பார்த்துப் போனார். 10 நாள் கழித்துத் தாய் வந்ததும் ஜேன் அவளோடு சேர்ந்து கொண்டாள்.

இரண்டு பேருக்கும் ஒரே வயது. இரண்டு பேரும் தாயைப் பிரிந்தவர்கள். ஒருத்திக்கு மாறாத ஒரு மடி இருந்தது. மற்றவனுக்கு இல்லை. அதுதான் வேறுபாடு.

ஒரு மடி வேண்டும்

நாஞ்சில் நாட்டு வீட்டில் அந்த மடி யாருடையது?

பாட்டியாக இருக்கலாம். பாட்டாவாக இருக்கலாம். சித்தி, அத்தை, மாமாவாகவும் இருக்கலாம். தகப்பனாக இருந்தால் மிகவும் நல்லது. மீன்பிடிக்கக் கடலுக்குப் போனவர், வளைகுடா நாட்டில் வேலை பார்ப்பவர் என்று தகப்பன் இல்லாத வீடுகளும் உண்டு. அங்கே இன்னும் முன்கூட்டியே யோசிக்க வேண்டும்.

யாராக இருந்தாலும் சரி, ஒருவரே தொடர்ந்து இருக்க வேண்டும். திங்கட்கிழமை அத்தை, செவ்வாய்க்கிழமை பக்கத்து வீடு என்று பிள்ளையைக் கை மாற்றக் கூடாது. பிரசவ வலி வந்த பிறகு ஆள் தேடவும் கூடாது. ஐந்தாம் ஆறாம் மாதத்திலேயே அவர் குளிப்பாட்டட்டும், ஊட்டட்டும், தூங்க வைக்கட்டும். பிள்ளை அவரிடம் பழகிவிடும்.

2 வயது முடிந்த பிள்ளையை அங்கன்வாடிக்கு அனுப்பலாம். அங்கே விளையாட்டும் சத்துணவும் உண்டு. தாய்க்கும் சில மணி நேரம் ஓய்வு கிடைக்கும். ஆனால் பிறந்த குழந்தை வீட்டுக்கு வரும் அதே நாளில் கொண்டு போய் விடாதீர்கள். "என்னை வெளியே தள்ளிவிட்டார்கள்" என்று பிள்ளை எண்ணும். சில மாதம் முன்பே பழக்குங்கள்.

தாய் செய்யக் கூடியது

படுத்திருக்கும் தாயால் பிள்ளையைத் தூக்க முடியாது. ஆனால் பக்கத்தில் படுக்க வைத்துக் கொள்ள முடியும். தலையைத் தடவ முடியும். கதை சொல்ல முடியும். தேரூரில் பிறந்த கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை குழந்தைகளுக்கென்றே எளிய பாட்டுகள் எழுதி வைத்திருக்கிறார். அவற்றைப் பாடிக் காட்டலாம்.

நாள் முழுவதும் வேண்டாம். தினமும் ஒரே நேரத்தில் கால் மணி நேரம் போதும். அந்த நேரத்தில் செல்போன் வேண்டாம். வேறு பேச்சும் வேண்டாம். பிள்ளைக்கு அது தன் நேரம் என்று தெரிந்துவிடும்.

பிள்ளை கடித்தால், அடித்தால் கையைப் பிடித்து நிறுத்துங்கள். "கடிக்கக் கூடாது. வலிக்கும்" என்று சுருக்கமாகச் சொல்லுங்கள். பிறகு மடியில் இருத்துங்கள். நல்லது செய்தால் உடனே பாராட்டுங்கள். சேட்டை செய்தால்தான் பெரியவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள் என்றால், பிள்ளை சேட்டையைத்தான் செய்யும்.

சொல்லக் கூடாத பேச்சு

"உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம். தம்பி வந்ததும் திருப்பிக் கொடுத்து விடுவோம்!"

பெரியவர்களுக்கு இது வேடிக்கை. பிள்ளைக்கு இது உண்மை! அன்று இரவு அது தூக்கத்தில் அலறினால் ஆச்சரியம் இல்லை.

"நீ படுத்துகிற பாட்டில்தான் அம்மைக்கு வாந்தி வருகிறது" என்பது அதைவிடக் கொடுமை. தாயின் நோய்க்குத் தானே காரணம் என்று பிள்ளை நம்பிவிடும். "அம்மைக்கு உடம்பு சரியில்லை. நீ காரணம் இல்லை" என்று சொல்லுங்கள். 2 வயதுப் பிள்ளைக்கும் இது புரியும்.

"அடியாத மாடு படியாது" என்பார்கள். மாடு வேறு, மகன் வேறு. ஏற்கெனவே பயந்திருக்கும் பிள்ளையை அடித்தால் பயம்தான் கூடும். பயம் கூடினால் சேட்டையும் கூடும்.

பிள்ளைக்காக ஆஸ்பத்திரியைத் தள்ளாதீர்கள்!

குமரி மாவட்டத்தில் மருத்துவப் பணி மிகப் பழையது. நெய்யூரில் 1838ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. இன்று ஆசாரிபள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. பத்மநாபபுரத்திலும் குழித்துறையிலும் அரசு ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. 108க்குப் போன் செய்தால் ஆம்புலன்சு வரும்.

ஆனால் ஆஸ்பத்திரி பக்கத்தில் இருந்தால் மட்டும் போதாது. "பிள்ளையை யாரிடம் விட்டுவிட்டுப் போவது?" என்று தாய் ஒரு நாள் தள்ளிப் போடலாம். அந்த ஒரு நாளில் உயிரே போகலாம்.

கீழே உள்ளவற்றில் ஒன்று வந்தாலும் காத்திருக்கக் கூடாது:

கடுமையான தலைவலி; கண் மங்குதல்; முகமும் கையும் வீங்குதல்; வலிப்பு; உதிரப் போக்கு; பனிக்குடம் உடைதல்; காய்ச்சல்; வயிற்றில் குழந்தையின் அசைவு குறைதல்; குடித்த தண்ணீரும் நிற்காத வாந்தி; சிறுநீர் குறைதல்.

மூத்த பிள்ளைக்கு ஒரு மடியை முன்கூட்டியே தயார் செய்துவிட்டால், தாய் தயங்காமல் புறப்படுவாள். அந்த மடி பிள்ளையை மட்டும் காப்பாற்றவில்லை. தாயையும் காப்பாற்றுகிறது!

புறப்படும்போது ஒளிந்து போகாதீர்கள். "அம்மை ஆஸ்பத்திரிக்குப் போகிறாள், திரும்பி வருவாள்" என்று சொல்லிவிட்டுப் போங்கள். பிள்ளை அழும். அழட்டும். சொல்லாமல் போன தாயை அடுத்த முறை அது கண் மறைய விடாது.

தாயின் மனமும் தளரும். எந்நேரமும் அழுகை, தூக்கம் இல்லை, "செத்தால் தேவலை" என்ற எண்ணம்: இவை வந்தால் வெட்கப்படாமல் டாக்டரிடமோ கிராம நர்சிடமோ சொல்ல வேண்டும். 14416 என்ற எண்ணில் "டெலி மானஸ்" மனநல உதவியும் கிடைக்கும். கட்டணம் இல்லை.

எல்லாச் சேட்டையும் சவலை அல்ல

தாய் மாசமாவதற்கு முன்பே பிள்ளையிடம் வேறுபாடு தெரிந்ததா? பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவது இல்லையா? முகம் பார்ப்பது இல்லையா? 2 வயதாகியும் இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லையா? பேசிய பேச்சு நின்று விட்டதா?

அப்படியானால் "தம்பி பிறந்தால் சரியாகிவிடும்" என்று காத்திருக்க வேண்டாம். காது கேட்கிறதா, வளர்ச்சி சரியாக இருக்கிறதா என்று டாக்டரிடம் காட்டுங்கள். அங்கன்வாடிப் பிள்ளைகளைச் சோதிக்க ஆண்டுக்கு இரண்டு முறை மருத்துவக் குழு வரும் திட்டம் 2013ஆம் ஆண்டு முதல் இருக்கிறது. அவர்களிடமும் கேட்கலாம். சீக்கிரம் கண்டுபிடித்தால் பயிற்சியால் நல்ல பலன் உண்டு.

இடைவெளி நல்லது

ஒரு பிரசவத்துக்குப் பிறகு அடுத்த கருவுக்கு 2 ஆண்டாவது இடைவெளி வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசனை. பிள்ளைக்கு 2 வயது வரையும், அதற்கு மேலும் தாய்ப்பால் கொடுக்கலாம் என்றும் அது சொல்கிறது. இந்த இரண்டையும் கடைப்பிடித்தால் சவலைக்கு இடம் குறையும். இடைவெளிக்கான வழிகளை அரசு ஆஸ்பத்திரிகளில் இலவசமாகச் சொல்லித் தருகிறார்கள்.

ஏற்கெனவே கருவுற்றிருந்தால்? பால் குடிக்கும் பிள்ளையைத் திடீரென்று பிரித்துவிடாதீர்கள். கருவுக்கு ஆபத்து இல்லாத தாய் பால் கொடுப்பதில் பெரும்பாலும் தவறு இல்லை. உதிரப் போக்கு இருந்தாலும், குறை மாதத்தில் வலி வந்தாலும் டாக்டரிடம் கேட்ட பிறகே கொடுக்க வேண்டும்.

குழந்தை பிறந்து மூத்த பிள்ளை பார்க்க வரும்போது, தாயின் கை காலியாக இருக்கட்டும். பிறந்த குழந்தையைப் பாட்டி வைத்திருக்கட்டும். முதலில் மூத்த பிள்ளையை அணைத்துக் கொள்ளுங்கள். பிறகு குழந்தையைக் காட்டுங்கள். பார்க்க வரும் உறவினரும் சின்னதைக் கொஞ்சுவதற்கு முன் பெரியதிடம் இரண்டு வார்த்தை பேசட்டும்.

அதன் பிறகும் சில வாரம் சேட்டை இருக்கும். பொறுத்துக் கொள்ளுங்கள். தன் இடம் போகவில்லை என்று தெரிந்ததும் பிள்ளை தானே அடங்கும்.