உங்களுக்குத் தெரியுமா? லோபிதாலின் விதியைக் கண்டவர் பெர்னூலி

ஒரு பின்னத்தின் தொகுதியும் பகுதியும் ஒருசேர 0-வை நெருங்கினால் கிடைப்பது 0/0 என்னும் தேறப்பெறாத வடிவம். அப்போது இரண்டையும் தனித்தனியே வகையிட்டு, வகைக்கெழுக்களின் விகிதத்துக்கு எல்லை காணலாம். அந்த எல்லை இருந்தால் அதுவே விடை; இதுவே லோபிதாலின் விதி. எடுத்துக்காட்டாக, ரேடியனில் அளந்த கோணம் 0-வை நெருங்குகையில், அதன் சைன் மதிப்பைக் கோணத்தால் வகுத்தால் வரும் எல்லை 1. ∞/∞ வடிவுக்கும் விதி பொருந்தும். பிற பின்னங்களில் பயன்படுத்தினால் விடை தவறிவிடக்கூடும்.

1696-இல் பாரிசில் பிரெஞ்சுக் கணிதவியலாளர் லோபிதால் வெளியிட்ட நூலில் இந்த விதி அச்சானது. கண்டறிந்த பெருமையோ அவருடைய ஆசிரியர் யோகான் பெர்னூலிக்கே உரியது. ஆண்டுக்கு 300 லிவர் ஊதியம் பெற்றுத் தம் கண்டுபிடிப்புகளை லோபிதாலுக்கு அளிக்க 1694-இல் அவர் இசைந்திருந்தார். 1922-இல் அச்சேறிய பெர்னூலியின் பாடக்குறிப்புகளோடு ஒப்பிட்டபோது, அந்நூல் பெரிதும் அவற்றையே ஒட்டி எழுதப்பட்டது தெளிவானது.