மிச்ச நூலில் எளிய அணிகள்

தில்லி, லக்னோ, கான்பூர் போன்ற நகரங்களில் குளிர்காலங்களைக் கழித்துப் பழகிய தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் டிரங்குப் பெட்டியின் அடியில் சிறு சிறு கம்பளி நூலுருண்டைகள் கிடப்பதைக் காணலாம். ஒரு ஸ்வெட்டர் பின்னி முடித்தால் கையளவு நூல் எஞ்சும். மறு ஆண்டு வேறொரு நிறத்தில் இன்னோர் உருண்டை சேரும். மற்றொரு ஸ்வெட்டருக்கு அது போதாது. எறிந்துவிடவோ மனம் வராது. அந்நூலைக் கொண்டு, குரோஷா ஊசியைத் தொட்டறியாதவர்களும் சில மாலைப் பொழுதுகளில் செய்து முடிக்கத்தக்க மூன்று எளிய அணிகளைப் பற்றி இங்கே கூற விரும்புகிறோம்.

குரோஷா என்பது பிரெஞ்சு மொழியில் சிறு கொக்கியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. வடநாட்டார் இதனைக் குரோஷியா என்பர். இரு ஊசிகளால் ஸ்வெட்டர் பின்னும்போது பல கண்ணிகள் ஒரே சமயத்தில் ஊசியில் நிற்கின்றன. ஒன்று நழுவினாலும் வரிசை வரிசையாகக் கீழே அவிழும் அச்சம் உண்டு. குரோஷாவிலோ, பெரும்பாலும் ஒரே ஒரு கண்ணிதான் ஊசியில் நிற்கும். ஊசி நழுவினால் அந்தக் கண்ணியை மீண்டும் எடுத்து மாட்டிக்கொண்டு தொடரலாம். ஆதலின் புதிதாகக் கற்பவர்க்கு இது இணக்கமான கலை.

சாதாரண ஸ்வெட்டர் நூலுக்கு 3 அல்லது 3.5 மில்லிமீட்டர் ஊசி பொருந்தும். இந்தி வழங்கும் ஊர்களின் கடைகளில் கம்பளி நூலுக்கு 'ஊன்' என்று பெயர். தமிழில் அச்சொல்லுக்கு இறைச்சி என்று பொருளாயினும் கூச்சமின்றிக் கேட்கலாம்! ஊசியுடன், ஒரு கத்தரிக்கோலும் முனை மழுங்கிய பெரிய தையல் ஊசியும் இருந்தால் போதும். தொடங்குமுன் நூலைக் கழுத்தில் சற்றே தேய்த்துப் பார்க்க வேண்டும். அரித்தால், அதை வளையலுக்கு ஒதுக்கிவிட்டுக் கழுத்தணிக்குப் பருத்தி நூலை எடுத்துக்கொள்ளலாம். நனைத்த நூலை வெள்ளைத் துணியில் அழுத்தினால் சாயம் போகுமா என்பதும் தெரிந்துவிடும்.

கற்க வேண்டிய பின்னல்கள் இரண்டே. முதலாவது சங்கிலி. நூலின் நுனியில் ஒரு சுருக்கு முடிச்சிட்டு ஊசியில் மாட்டுக. நூலை ஊசியின் மேல் ஒரு சுற்றுச் சுற்றி, கொக்கியால் பற்றி, ஊசியிலுள்ள கண்ணியின் வழியே இழுக்க, ஒரு சங்கிலிக் கண்ணி உண்டாகும். இருபது கண்ணிகள் போட்டு அவிழ்த்து, மீண்டும் போட்டுப் பழகுக. கண்ணிகள் ஒரே அளவில் அமையும்வரை இவ்வாறு செய்வது நன்று. நூலை இறுக்கிப் பிடிப்பதே தொடக்கக்காரர் பலருக்கும் நேரும் இடையூறு. இடக்கைச் சுட்டுவிரலின் மேல் அது தளர்வாக ஓட வேண்டும்.

இரண்டாவது ஒற்றைப் பின்னல். ஊசியை ஒரு கண்ணிக்குள் நுழைத்து நூலை இழுத்தால் ஊசியில் இரண்டு கண்ணிகள் நிற்கும். மீண்டும் நூலைச் சுற்றி அவ்விரண்டின் வழியாகவும் சேர்த்து இழுக்க வேண்டும். இதனை அமெரிக்கப் புத்தகங்கள் 'சிங்கிள் குரோஷே' என்றும், பிரிட்டிஷ் புத்தகங்கள் 'டபிள் குரோஷே' என்றும் அழைக்கின்றன. புத்தகம் பார்த்துப் பின்னுவோர் இந்த வேறுபாட்டை நினைவிற் கொள்வது நலம்.

இனி முதல் அணி, சங்கிலி மாலை. மூன்று நிறங்களில் 70, 75, 80 சென்டிமீட்டர் நீளத்தில் மூன்று சங்கிலிகள் பின்னி, நுனிகளைச் சேர்த்து முடிந்துவிட்டால் மாலை தயார். தலைவழியே அணியலாம், கொக்கி வேண்டியதில்லை. கையிலுள்ள நூல் போதுமா என்று அறிய ஒரு வழி உண்டு. 10 சென்டிமீட்டர் சங்கிலி பின்னி, அவிழ்த்து, அந்நூலை அளந்து பார்க்க வேண்டும். அது 40 சென்டிமீட்டர் இருந்தால், 70 சென்டிமீட்டர் சங்கிலிக்கு 280 சென்டிமீட்டர் நூல் தேவை. இரு நுனிகளுக்கும் 15 சென்டிமீட்டர் வீதம் கூட்டிக்கொள்க.

இரண்டாவது, நூல் வளையல். பழைய பிளாஸ்டிக் வளையல் ஒன்றை எடுத்துக்கொள்க. கண்ணாடி வளையல் உடையக்கூடும். ஊசியில் ஒரு கண்ணியை மாட்டி, ஊசியை வளையலின் உட்புறமாக நுழைத்து, பின்னாலிருக்கும் நூலைப் பற்றி முன்னே இழுக்க வேண்டும். பிறகு வளையலின் மேற்பக்கத்தில் நூலைச் சுற்றி, இரு கண்ணிகளின் வழியாகவும் இழுத்தால் ஓர் ஒற்றைப் பின்னல் முடியும். இவ்வாறே நெருக்கமாகப் பின்னி வளையலை முழுதும் மூடிவிடலாம். நூலின் தடிப்பால் உள்ளளவு குறையுமாதலின், வழக்கமாக அணிவதினும் சற்றுப் பெரிய வளையலே ஏற்றது.

மூன்றாவது, பூத்தொங்கல். ஐந்து சங்கிலிக் கண்ணிகள் போட்டு, முதற்கண்ணியில் ஊசியை நுழைத்து நூலை இரண்டின் வழியாகவும் இழுத்து, சிறு வட்டமாக்குக. நான்கு சங்கிலி போட்டு, வட்டத்தின் நடுவில் ஓர் ஒற்றைப் பின்னல் இட்டால் ஓர் இதழ். ஆறு முறை செய்தால் ஆறிதழ்ப் பூ. இதனைக் காதணிக் கம்பியிலோ மாலையின் நடுவிலோ கோத்துக்கொள்ளலாம்.

எந்த அணியாயினும் முடிக்கும்போது 15 சென்டிமீட்டர் நூல் விட்டு வெட்டி, கடைசிக் கண்ணியின் வழியே இழுத்து இறுக்கி, தையல் ஊசியால் பின்னலுக்குள் முன்னும் பின்னுமாக மும்முறை கோத்து மறைக்க வேண்டும். ஒட்ட வெட்டினால் சில நாட்களில் அவிழும். கைக்குழந்தைகளின் கழுத்தில் இத்தகைய மாலைகளை அணிவிக்கலாகாது.

கை பழகியபின், அண்டை வீட்டாரோ தமிழ்ச் சங்க விழாவுக்கு வருவோரோ விலைக்குக் கேட்பதுண்டு. 'மிச்ச நூல்தானே' என்று அற்ப விலை சொல்லிவிடுவது நம்மவர் வழக்கம். அது சரியன்று. ஆந்திரப் பிரதேசத்தின் மேற்கு கோதாவரி மாவட்டத்து நரசாபுரத்தைப் பாருங்கள். 19ஆம் நூற்றாண்டில் கிறித்தவ மிஷனரிகள் அவ்வட்டாரத்தில் கற்பித்த குரோஷா லேஸ், கடல் கடந்து ஏற்றுமதியாகும் பெருந்தொழிலாக வளர்ந்தது. அதைப் பின்னும் பெண்களைப் பற்றி ஜெர்மானிய சமூகவியலாளர் மரியா மீஸ் எழுதிய ஆய்வு நூல் 1982-இல் வெளிவந்தது. அவர்களது உழைப்பு, இல்லத்தரசிகளின் ஓய்வுநேரப் பொழுதுபோக்காகவே கருதப்பட்டதால் கூலியும் மிகக் குறைவாகவே இருந்தது என்பதை அந்நூல் எடுத்துக்காட்டியது.

லூதியானாவில் ஸ்வெட்டர்களை இயந்திரங்கள் பின்னித் தள்ளுகின்றன. குரோஷாவின் தோற்றத்தைப் போலச் செய்யும் இயந்திரங்களும் உண்டு. ஆயினும் உண்மையான குரோஷாவைக் கண்ணி கண்ணியாகப் பின்னுவது இன்றும் மனிதக் கையே. ஆகவே, பின்னத் தொடங்கிய நேரத்தையும் முடித்த நேரத்தையும் ஒரு தாளில் குறித்து வைத்து, அந்நேரத்துக்குரிய கூலியோடு மணி, கொக்கி ஆகியவற்றின் செலவையும் சேர்த்து விலை கூறுவதே முறை. எஞ்சிக் கிடந்தது நூல் மட்டுமே. அதனைப் பின்னச் செலவான பொழுது அவ்வாறு எஞ்சிக் கிடந்ததன்று. அன்பளிப்பாகக் கொடுப்பதாயின் மனமுவந்து கொடுக்கலாம். கடைத்தெருவில் பிறர் பின்னிய லேஸை விலை பேசும்போதும் இக்கணக்கை நாம் மறவாதிருத்தல் வேண்டும்.