பிள்ளைப் பல் – 11: கூரைக்குப் போகாத பல்

விழுந்த பால் பல்லைச் சாணியில் பொதிந்து கூரை மேல் எறிகிற வழக்கத்தைப் போன வாரம் எழுதியிருந்தேன். ஓட்டு வீடு போய் மாடி வீடு வந்த பிறகும் பல வீடுகளில் அது நடக்கிறது. பல் ஆடுவதும் விழுவதும் வீடு முழுக்கத் தெரிகிற சேதி. ஆனால் எந்தப் பல்லும் விழாமல், யார் கண்ணிலும் படாமல், கடைவாயின் கோடியில் முளைக்கிற பல் ஒன்று உண்டு. ஜூனில் பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன் அதைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்.

மே மாதக் கடைசியில் எங்கள் கிளினிக்கில் கூட்டம் அதிகம். யூனிஃபார்ம் தைக்கக் கொடுத்துவிட்டு, அப்படியே பல்லையும் பார்த்துவிடலாம் என்று வருவார்கள். சில வருஷங்களுக்கு முன்பு ஓர் அம்மா, மூன்றாம் வகுப்புக்குப் போகிற மகனைக் கூட்டி வந்தார்.

"ராத்திரியெல்லாம் அழுவுறான் டாக்டர். பால் பல்லுதான, புடுங்கி விட்ருங்க. வேற பல்லு வந்துடும்ல?"

கீழ்த்தாடையில் கடைசிப் பல். ஓர் உளுந்து உட்காரும் அளவுக்குக் குழி, விளிம்பெல்லாம் கறுத்திருந்தது. அது பால் பல் இல்லை. அவன் வாய்க்குள் வந்து இரண்டு வருஷம் ஆகியிருக்கும், அவ்வளவுதான். "இது நிரந்தரப் பல்லும்மா. எடுத்துட்டா இந்த இடத்துல வேற முளைக்காது" என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இதை யாருமே சொல்லலியே டாக்டர்" என்றார். இந்த அத்தியாயத்தை அவருக்காகத்தான் எழுதுகிறேன்.

கணக்கு எளிது. பால் பற்கள் மொத்தம் 20. மேலும் கீழும், வலமும் இடமுமாகப் பிரித்தால் பக்கத்துக்கு ஐந்து. பிள்ளையை வெளிச்சத்தில் உட்கார வைத்து, முன்பல் நடுக்கோட்டிலிருந்து பின்பக்கமாக எண்ணுங்கள். விழுந்த பல்லின் இடைவெளியையும் சேர்த்து எண்ண வேண்டும். ஐந்தோடு முடிந்தால் இன்னும் வரவில்லை. ஆறாவதாக ஒன்று இருந்தால் அதுதான். ஆறு வயதை ஒட்டி வருகிற ஆறாவது பல். கீழே பெரும்பாலும் முதலில் தலைகாட்டும், பிறகு மேலே. நாலு மூலைக்கு நாலு.

வாழ்நாள் முழுக்கச் சோற்றை அரைக்கப் போகிற இந்தப் பல், வருகிற காலத்திலேயே சொத்தையாகிவிடுவது ஏன்? முதல் காரணம் அதன் மேல்பரப்பு. அம்மி கொத்தியது போல் பள்ளமும் கோடுமாக இருக்கும். சில கோடுகளுக்குள் பிரஷ்ஷின் ஒரு நார்கூட நுழையாது. இரண்டாவது, அது முழு உயரத்துக்கு வளரப் பல மாதங்கள் பிடிக்கும். அதுவரை ஐந்தாவது பல்லை விடக் குள்ளமாகவே நிற்கும். பிள்ளை பிரஷ்ஷை முன்னும் பின்னும் இழுக்கும்போது அது ஐந்தாவது பல்லின் மேல் ஏறிப் போய்விடும். ஆறாவதைத் தொடவே தொடாது. போதாக்குறைக்கு எனாமலும் புதுசு, எச்சிலில் உள்ள சுண்ணாம்புச் சத்தை வாங்கி இனிமேல்தான் உரமேற வேண்டும்.

அதனால் தேய்க்கும் விதத்தை மாற்ற வேண்டும். பிள்ளையின் தலையை மடியில் சாய்த்துக்கொள்ளுங்கள். 'ஆ' என்று பெரிதாகத் திறக்கச் சொன்னால் கன்னம் இறுகி வழி அடைபடும்; வாயைப் பாதி மூடச் சொல்லுங்கள். பிரஷ்ஷைக் கன்னத்துப் பக்கமிருந்து குறுக்காக நுழைத்து அந்த ஒரு பல்லை மட்டும் தனியாகத் தேயுங்கள். காலையில் பள்ளி அவசரத்தில் விட்டுப்போனாலும் ராத்திரி படுக்கும் முன் விடவே கூடாது. ஏழு எட்டு வயது வரைக்கும் இது பெரியவர்கள் கையால் நடக்க வேண்டிய வேலை. "அவனே தேச்சுக்குவான்" என்று பெருமையாகச் சொல்வார்கள். எனக்குக் கவலையாக இருக்கும்.

பேஸ்ட் ஒரு பட்டாணி அளவு போதும். ஃப்ளோரைடு 1000 பிபிஎம் என்று அட்டையில் இருக்கிறதா என்று பாருங்கள். துப்பிய பிறகு தண்ணீரை ஊற்றி ஊற்றிக் கொப்பளிக்க வேண்டாம். தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் நிலத்தடி நீரிலேயே ஃப்ளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். அங்கே இன்னும் போர் தண்ணீர் குடிக்கிற வீடுகள் பல் டாக்டரைக் கேட்டுப் பேஸ்ட்டை முடிவு செய்யுங்கள்.

பள்ளம் ஆழமாக இருந்தால் 'சீலண்ட்' வைக்கலாம். ஊசி இல்லை, டிரில் இல்லை. பல்லைக் காய வைத்து, கோடுகளுக்குள் ஒரு திரவத்தை ஓடவிட்டு, நீல வெளிச்சத்தில் இறுக வைப்பது. சில நிமிஷ வேலை. 1955-ல் மைக்கேல் புவோனகோர், எனாமலை அமிலத்தால் லேசாகச் சொரசொரப்பாக்கினால் பிசின் பிடித்துக்கொள்ளும் என்று காட்டினார். அதிலிருந்து வளர்ந்த வைத்தியம் இது. அரசு பல் மருத்துவக் கல்லூரிகளில் கேட்டுப் பாருங்கள். பிள்ளைகளின் உடல்நலத்தைப் பரிசோதிக்க 2013-ல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தில் அரசுப் பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவும் பல்லைப் பார்க்கும். அவர்கள் எழுதித் தருகிற சீட்டு புத்தகப் பையின் அடியிலேயே கசங்கிக் கிடப்பதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து எடுத்துப் படியுங்கள்.

ஸ்நாக்ஸ் டப்பாவைப் பற்றி ஒன்று. இனிப்போ மாவுப்பண்டமோ வாயில் பட்ட சில நிமிஷத்தில் கிருமிகள் அமிலம் சுரக்க ஆரம்பிக்கும். அது அடங்க அரை மணி நேரமாவது ஆகும். கிரீம் பிஸ்கட்டை இன்டர்வெல்லில் ரெண்டு, வேனில் ரெண்டு, வீட்டுக்கு வந்து ரெண்டு என்று தின்றால் மூன்று அரை மணி நேரம். ஆறாவது பல்லின் கோட்டில் அந்த மாவு அப்பிக்கொண்டு கிடக்கும். சுண்டலோ கொய்யாத் துண்டோ கொடுத்தனுப்புங்கள். இனிப்பைச் சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.

அந்தப் பையனின் பல்லைப் பிடுங்கவில்லை. வேர் முழுசாக வளராததால் நரம்பின் மேல்பகுதியை மட்டும் எடுத்து, மருந்து வைத்து, ஸ்டீல் கேப் மாட்டினோம். நாலு நடை வந்தார்கள். அடுத்த மே மாதம் தங்கச்சியையும் கூட்டி வந்தான். அவள் ஒன்றாம் வகுப்புக்குப் போக இருந்தாள். நான் கையுறை மாட்டுவதற்குள் அம்மாவின் போன் டார்ச்சை வாங்கி அவனே அவள் வாய்க்குள் அடித்தான். "ஒண்ணு, ரெண்டு..." என்று எண்ணிக்கொண்டே போனவன் அஞ்சில் நின்றான். குனிந்து இன்னொரு தடவை பார்த்தான்.

"டாக்டர், ஈறுக்குள்ள வெள்ளையா ஒரு முனை தெரியுது."

(தொடரும்)