கரண்ட் பில்லைப் பார்த்துவிட்டு கார் வாங்குங்கள்

மின்சார கார் வாங்கலாமா என்று யோசிக்கிறவர்கள் ஷோரூமுக்குப் போவதற்கு முன் எடுத்துப் பார்க்க வேண்டியது வீட்டு கரண்ட் பில்லை. தமிழ்நாட்டில் 2024 ஜூலையில் அமலுக்கு வந்த கட்டணப்படி, இரண்டு மாதத்தில் 400 யூனிட்டைத் தாண்டினால் யூனிட்டுக்கு 6.45 ரூபாய். 500-ஐத் தாண்டினால் 8.55, 600-க்கு மேல் 9.65, 800-க்கு மேல் 10.70, ஆயிரத்தையும் கடந்தால் 11.80. ஃபேன், ஃப்ரிட்ஜ், ஏ.சி. எல்லாம் கீழ்ப்படிகளை ஏற்கெனவே பிடித்துக்கொண்டிருப்பதால், காருக்கு மிஞ்சுவது பில்லிலேயே விலை உயர்ந்த யூனிட்கள்தான். விளம்பரங்களில் வரும் ‘கிலோமீட்டருக்கு இவ்வளவு பைசா’ கணக்கு இந்தப் படிகளைப் பார்ப்பதில்லை.

இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் செலவழிக்கும் ஒரு நடுத்தரக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கார் மாதம் 1,000 கி.மீ. ஓடுகிறது. சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து, யூனிட்டுக்கு ஆறேகால் கி.மீ. கிடைக்கிறது என்று வைத்தால், பில்லில் 320 யூனிட் கூடும். அதற்குச் சுமார் 2,660 ரூபாய். 500-ஐத் தாண்டிய வீட்டுக்குக் கீழ்ப்படிகளில் இருந்த சலுகையும் குறைவதால் இன்னும் சில நூறு ரூபாய் ஏறும். சரி, பெட்ரோல்? லிட்டர் 100 ரூபாய், நகரத்துக்குள் 15 கி.மீ. மைலேஜ் என்றால் அதே 2,000 கி.மீ.க்கு 13,300 ரூபாய். எத்தனை படி ஏறினாலும் மின்சாரத்தின் பக்கம்தான் லாபம். ஓட்டும் செலவைப் பற்றிய சந்தேகத்தை இதோடு விட்டுவிடலாம்.

சந்தேகம் நியாயமாக எழும் இடம் வாங்கும் விலை.

பெட்ரோல் கார் ஷோரூம் விலையில் 12 லட்சம், அதே அளவுள்ள மின்சார கார் 16 லட்சம் என்று வைப்போம். நான்கு லட்சம் வித்தியாசம் கண்ணை உறுத்துகிறது. ஆனால் தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரையுள்ள கார்களுக்கு சாலை வரி 18 சதவீதம். 12 லட்சம் ரூபாய் பெட்ரோல் காருக்கு இது மட்டுமே 2.16 லட்சம். மின்சார கார்களுக்கோ மாநில அரசின் 2023-ம் ஆண்டு கொள்கை 2025 இறுதி வரை முழு வரிவிலக்கு என்று அறிவித்தது. விலக்கு இருந்தால் உண்மையான வித்தியாசம் 1.84 லட்சத்துக்கு இறங்கிவிடும். மாதம் 1,000 கி.மீ. ஓட்டுகிறவர் மூன்று ஆண்டுகளில் அதை மீட்டுவிடுவார். விலக்கு இல்லையென்றால் 16 லட்சத்துக்கும் 18 சதவீதம் கட்ட வேண்டும். வித்தியாசம் 4.72 லட்சமாகி, மீட்க ஏழு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். மாதம் 500 கி.மீ. மட்டும் ஓட்டுகிறவருக்கு அதுவே பதினான்கு ஆண்டு. வண்டியைப் பதிவு செய்யும் நாளில் எந்த விதி நடப்பில் இருக்கும் என்பதை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்யாமல் முன்பணம் கொடுக்கவே கூடாது.

மற்ற சலுகைகள் ஒவ்வொன்றாகத் தேய்ந்துவிட்டன. மின்சார வாகனக் கடனின் வட்டிக்கு 1.5 லட்சம் வரை வருமான வரிக் கழிவு தந்த 80இஇபி பிரிவு, 2023 மார்ச் 31 வரை ஒப்புதல் பெற்ற கடன்களோடு முடிந்தது. மத்திய அரசின் பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் சொந்த உபயோகக் கார்களுக்கு மானியம் கிடையாது. மின்சார கார்களுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம் என்பது 2019 ஆகஸ்ட்டிலிருந்து மாறவில்லை. ஆனால் 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய பெட்ரோல் கார்களின் வரி 18 சதவீதமாகக் குறைந்துவிட்டதால் அந்தச் சாதகமும் சுருங்கிவிட்டது.

பேட்டரியை வாடகைக்கு எடுக்கும் வழியும் வந்திருக்கிறது. 2024 செப்டம்பரில் எம்.ஜி. விண்ட்ஸர் 9.99 லட்சம் விலையில் அறிமுகமானபோது, பேட்டரிக்குக் கிலோமீட்டருக்கு 3.50 ரூபாய் தனியாகக் கட்டும் திட்டத்தோடு வந்தது. அதோடு வீட்டு மின்சாரச் செலவைக் கூட்டினால் கிலோமீட்டருக்கு 4.80-ஐத் தாண்டும். முதலில் கொடுக்கும் பணம் குறையும் என்பது உண்மை. ஆனால் எரிபொருளில் மிச்சம் பிடிக்கலாம் என்று வாங்குகிறவருக்கு அந்த மிச்சத்தில் பெரும்பகுதி இங்கேயே போய்விடும்.

இத்தனை கணக்கும் வீட்டில் சார்ஜ் போட முடிந்தவர்களுக்குத்தான். தனி வீட்டுக்காரருக்குப் பிரச்சினையே இல்லை. தினமும் 40 கி.மீ. ஓடும் காருக்கு ஆறேழு யூனிட் போதும். போர்டிகோவில் ஒழுங்காக எர்த் செய்த ஒரு 15 ஆம்ப் பிளக் பாயின்ட் இருந்தால் இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் ஏறிவிடும். மடிப்பாக்கத்திலோ குரோம்பேட்டையிலோ பத்துப் பன்னிரண்டு வீடுகள் கொண்ட ஃப்ளாட்டின் தரைத்தளத்தில்தான் நிலைமை வேறு. மாடிப்படிக்குக் கீழே மீட்டர் பெட்டிகள் வரிசையாக இருக்கும். நமக்கு ஒதுக்கிய பார்க்கிங் கடைசித் தூணுக்குப் பக்கத்தில் இருக்கும். அங்கே வரை கேபிள் இழுக்க வேண்டும், லோடு கூட்ட ஈ.பி.யில் எழுதிக்கொடுக்க வேண்டும், அதற்கும் முன்னால் அசோசியேஷன் கூட்டத்தில் பேசிச் சம்மதம் வாங்க வேண்டும். தீப்பிடித்தால் யார் பொறுப்பு என்று ஒருவர் கேட்பார். பொது மீட்டரிலிருந்து எடுத்துவிடுவாரோ என்று இன்னொருவர் சந்தேகப்படுவார். வாடகைக்கு இருப்பவர் என்றால் வீட்டு உரிமையாளரின் தயவும் வேண்டும்.

2024 பிப்ரவரியில் மத்திய அரசு மின் நுகர்வோர் உரிமை விதிகளைத் திருத்தி, அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர் கார் சார்ஜிங்குக்கென்றே தனி இணைப்பு கேட்டுப் பெறலாம் என்று வழி செய்தது. நல்ல விதி. ஆனால் அது இருப்பதே பல அசோசியேஷன்களுக்குத் தெரியாது. ஸ்ரீபெரும்புதூரில் க்ரெட்டா எலக்ட்ரிக்கும், 2025 ஆகஸ்ட்டில் தூத்துக்குடியில் திறந்த ஆலையில் வின்ஃபாஸ்ட் கார்களும் தயாராகின்றன. அந்தக் கார்களை நிறுத்தி சார்ஜ் போட சென்னை ஃப்ளாட்வாசிக்கு ஒரு பிளக் பாயின்ட் கிடைக்கச் செய்வதில் அரசு இதே வேகத்தைக் காட்டியாக வேண்டும். வீட்டில் வசதியில்லாமல் வெளியே ஃபாஸ்ட் சார்ஜரையே நம்பினால் யூனிட்டுக்கு இருபது ரூபாயைத் தாண்டிக் கொடுக்க நேரும். கிலோமீட்டருக்கு மூன்று ரூபாய்க்கு மேல் ஆகிவிடும். பெட்ரோலைவிடக் குறைவுதான், ஆனால் வாரம் இரண்டு முறை சார்ஜிங் நிலையத்தில் போய்க் காத்திருக்க வேண்டும்.

நெடுந்தூரப் பயணத்தைப் பற்றிய பயம் முன்பு போல் இல்லை. 45 கிலோவாட் மணி பேட்டரி கொண்ட நெக்ஸானுக்குச் சோதனைக்கூட ரேஞ்ச் 489 கி.மீ.; சாலையில் 350-ஐ ஒட்டித்தான் கிடைக்கும் என்று நிறுவனமே சொல்கிறது. நெடுஞ்சாலையில் நூறில் ஓட்டினால் இன்னும் குறையும். சென்னையிலிருந்து மதுரை சுமார் 460 கி.மீ. உளுந்தூர்பேட்டையிலோ பெரம்பலூரிலோ சாப்பாட்டுக்கு நிறுத்தும்போது முக்கால் மணி நேரம் சார்ஜ் போட்டால் ஊர் போய்ச் சேரலாம். பொங்கலுக்கு முந்தின நாள் போகிறவர்தான் யோசிக்க வேண்டும். பங்க்கில் முன்னால் நான்கு கார் நின்றால் பத்துப் பதினைந்து நிமிடம். சார்ஜரில் நான்கு கார் நின்றால் அன்றைய பொழுதே போய்விடும்.

மழைக்காலத்தில் என்ன செய்வது என்பது சென்னைக்காரர்களின் தனிக் கேள்வி. பெரும்பாலான பேட்டரிகளுக்கு ஐ.பி. 67 தரச்சான்று உண்டு. ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்பது அதன் பொருள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பகுதிகளில் தண்ணீர் வடியப் பல நாட்கள் ஆயின. அப்படி ஊறிய மின்சார காரை, சர்வீஸ் சென்டர் சோதிக்காமல் ஸ்டார்ட் செய்வதும் சார்ஜ் போடுவதும் ஆபத்து.

கடைசியாக பேட்டரியின் ஆயுள். உலக அளவில் பேட்டரி பேக்கின் சராசரி விலை 2024-ல் ஒரு கிலோவாட் மணிக்கு 115 டாலருக்கு இறங்கியது. 40 கிலோவாட் மணி பேட்டரிக்கு அது ஏறத்தாழ நான்கு லட்சம் ரூபாய். வாடிக்கையாளர் தலையில் விழும் விலை இன்னும் அதிகம். பெரும்பாலான நிறுவனங்கள் 8 ஆண்டு அல்லது 1.6 லட்சம் கி.மீ. வாரன்டி தருகின்றன. சில புதிய மாடல்களுக்கு அறிவித்திருக்கும் ‘ஆயுள் வாரன்டி’ முதல் உரிமையாளருக்கு மட்டும்தான். இரண்டாவது கையில் வாங்குகிறவர், பேட்டரியின் இப்போதைய திறனைக் காட்டும் சோதனை அறிக்கையைக் கேட்டு வாங்கிய பிறகே விலை பேச வேண்டும். நெக்ஸான் மின்சார கார் முதன்முதலில் விற்பனைக்கு வந்தது 2020 ஜனவரியில். அந்த முதல் வண்டிகளின் எட்டு ஆண்டு வாரன்டி 2028-ல் முடிகிறது. பழைய கார் சந்தையில் அவற்றுக்கு என்ன விலை கிடைக்கிறது என்பதை வைத்துத்தான் இன்று தயங்கி நிற்கிற பலர் முடிவெடுப்பார்கள்.