எது செலவு?
(மேலாண்மைப் பொருளியல் கற்பிக்கும் கணக்கு)

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., கணிதவியல்

பொருளியல் என்றதும் நம்மில் பலருக்கு நாட்டு வருமானமும் பணவீக்கமும் வரவு செலவுத் திட்டமுமே நினைவுக்கு வருகின்றன. மேலாண்மைப் பொருளியல் அவ்வளவு தொலைவில் நிற்பதன்று. ஓர் ஆலையின் மேலாளரும் ஒரு மருத்துவமனையின் தலைவரும் ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் செயலாளரும் நாள்தோறும் முடிவெடுக்க வேண்டியவர்கள். எதை எவ்வளவு செய்வது, என்ன விலைக்கு விற்பது, எதைத் தொடர்வது, எதை நிறுத்துவது என்பவை அவர்கள்முன் நிற்கும் கேள்விகள். அவற்றுக்கு விடை காணப் பொருளியல் கோட்பாடுகளைத் துணைக்கொள்ளும் துறையே மேலாண்மைப் பொருளியல். அமெரிக்கக் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜோயல் டீன் 1951-ஆம் ஆண்டில் இதே பெயரில் எழுதிய நூல் இத்துறையின் முன்னோடி நூல்களில் ஒன்று.

இன்று வணிகவியல், வணிக நிர்வாகவியல் மாணவர்கள் இதனைப் பாடமாகப் பயில்கின்றனர். கணிதம் பயில்வோருக்கும் இது அயல்வீடு அன்று. இத்துறை விரிந்தது, அதில் ‘எது செலவு?’ என்னும் ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டு, அது தரும் விடையை இங்குக் காண்போம்.

எழுதுவதும் பார்ப்பதும்

கணக்கு எழுதுவது வேறு. கணக்குப் பார்ப்பது வேறு. சென்ற ஆண்டு எவ்வளவு வந்தது, எவ்வளவு போயிற்று என்று பேரேட்டில் பதிவது கணக்கு எழுதுவது. நாளை என்ன செய்யலாம் என்று எண்ணுவது கணக்குப் பார்ப்பது. முன்னதில் செலவு என்று இருப்பதெல்லாம் பின்னதிலும் செலவாக வருவதில்லை. முன்னதில் இடம்பெறாத சில, பின்னதில் பெருஞ்செலவாக வந்து நிற்கும். இவ்விரண்டையும் பிரித்தறிவதே இத்துறையின் முதற்பாடம்.

ஊற்றுநீரின் கணக்கு

பிரெஞ்சுக் கணித அறிஞர் கூர்னோ 1838-இல் வெளியிட்ட நூலில் கனிமநீர் ஊற்று ஒன்றின் உரிமையாளரை எடுத்துக்காட்டாகக் கொண்டார். நீர் தானாக ஊறுகிறது, செலவில்லை. என்ன விலைக்கு விற்றால் வருவாய் மிகுதியாகும் என்பதே கேள்வி. இதனை நாம் ஒரு சிறு கணக்காக அமைத்துப் பார்ப்போம். ஒரு புட்டியின் விலையை ‘வி’ என்றும், விற்பனையாகும் புட்டிகளை 100 − 2வி என்றும் கொள்வோம். வருவாய், வி (100 − 2வி). இதன் வகைக்கெழு 100 − 4வி. அதனைப் பூச்சியத்துக்குச் சமப்படுத்தினால் விலை 25 ரூபாய். அவ்விலையில் 50 புட்டிகள் விற்று 1,250 ரூபாய் வரும். 20 ரூபாய்க்கு விற்றாலும் 30 ரூபாய்க்கு விற்றாலும் 1,200-தான்.

இனி, ஒவ்வொரு புட்டிக்கும் 10 ரூபாய் செலவாகிறது என்போம். இலாபம், (வி − 10) (100 − 2வி). இதன் வகைக்கெழு 120 − 4வி. எனவே விலை 30 ரூபாய், இலாபம் 800 ரூபாய். பழைய 25 ரூபாய்க்கே விற்றால் 750-தான் கிடைக்கும். ஒரு புட்டி கூடுதலாக விற்கும்போது கூடும் இச்செலவையே இறுதிநிலைச் செலவு என்கிறோம். அது மாறினால் முடிவும் மாறுகிறது.

அடுத்து, உரிமையாளர் அந்நிலத்துக்கு 300 ரூபாய் வாடகையை முன்னரே கட்டிவிட்டார் என்போம். இலாபத்தில் 300 குறையும். ஆனால் விலை? அதே 30 ரூபாய்தான். ‘வாடகை கொடுத்திருக்கிறேனே’ என்று அவர் விலையை 35-ஆக உயர்த்தினால் 300-க்கு மேல் இன்னும் 50 ரூபாயை இழப்பார். காரணம், பதினோராம் வகுப்பிலேயே நாம் படித்தது: மாறிலியின் வகைக்கெழு பூச்சியம். இனி எந்த முடிவெடுத்தாலும் திரும்பி வராத செலவு, முடிவைத் தீர்மானிக்கும் கணக்கில் இடம்பெறாது. இதற்கு மூழ்கிய செலவு என்று பெயர்.

வானில் பறந்த வாதம்

கேட்பதற்கு எளிதாக இருக்கும் இவ்வுண்மையை அரசுகளே மறந்ததுண்டு. ஒலியை விஞ்சும் வேகத்தில் செல்லும் கான்கார்டு பயணி விமானத்தை உருவாக்க பிரிட்டனும் பிரான்சும் 1962-இல் உடன்படிக்கை செய்துகொண்டன. செலவு முதல் மதிப்பீட்டைப் போலப் பல மடங்காக உயர்ந்தது. 1973-இல் அமெரிக்காவின் பெரிய விமான நிறுவனங்கள் பின்வாங்கின. இருந்தும் திட்டம் நிற்கவில்லை. ‘இவ்வளவு செலவழித்த பிறகு நிறுத்துவதா?’ என்ற வாதமும் அதனைத் தாங்கிய தூண்களில் ஒன்று. 1976-இல் பயணிகள் சேவை தொடங்கியது; அவ்விரு நாட்டு நிறுவனங்களுக்குமாகச் சேர்த்து 14 விமானங்களே சேவைக்கு வந்தன. 2003-இல் கடைசி விமானமும் ஓய்வு பெற்றது. மூழ்கிய செலவை எண்ணி மேலும் செலவிடுவதற்குக் ‘கான்கார்டு பிழை’ என்றே பெயர் நிலைத்துவிட்டது.

ஏட்டில் ஏறாத செலவு

இதற்கு நேர்மாறானது வாய்ப்புச் செலவு. ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது கைவிடப்படும் அடுத்த சிறந்த வாய்ப்பின் மதிப்பே அது. அதற்கு ரசீது கிடையாது. பேரேட்டில் வரியும் கிடையாது. எனினும் அது செலவே.

இதனை நன்குணர்ந்த நிறுவனம் நம் மதுரையிலேயே இருக்கிறது. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில் மிக அரிய வளம் எது? கட்டடமன்று, கருவியுமன்று, அறுவை மருத்துவரின் நேரமே. அவர் ஒரு நோயாளிக்குச் சிகிச்சை செய்யும்போதே அடுத்த மேசையில் அடுத்த நோயாளி ஆயத்தம் செய்யப்படுகிறார். மருத்துவர் செய்தே தீரவேண்டியவை தவிர ஏனைய பணிகளைக் கிராமங்களிலிருந்து வந்து பயிற்சி பெற்ற பெண்கள் செய்கின்றனர். மருத்துவர் காத்திருக்கும் பத்து நிமிடம் எந்த ஏட்டிலும் செலவாக ஏறாது. ஆனால் அது ஒருவருக்குக் கிடைக்காமற்போன பார்வை. அச்செலவைக் கண்டுகொண்டதால்தான் பணம் செலுத்துவோரின் வருவாயைக் கொண்டு ஏழைகள் பலருக்குக் கட்டணமின்றிச் சிகிச்சை அளிக்க அவர்களால் முடிகிறது.

கல்லூரி இருக்கையின் விலை

இக்கணக்கை இனி நம் வகுப்பறைக்குக் கொண்டுவருவோம். அரசுக் கல்லூரியில் படிக்க என்ன பெரிய செலவு என்று கேட்போர் உண்டு. கட்டணம் குறைவு, பேருந்துச் சலுகையும் உண்டு. ஆனால் முதன்முதலாகக் கல்லூரிக்கு ஒரு பிள்ளையை அனுப்பும் வீட்டில் வேறொரு கணக்கு ஓடுகிறது. அப்பிள்ளை வேலைக்குப் போயிருந்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் கூலி, மாதம் 25 நாள் வேலை என்று வைத்துக்கொள்வோம். மாதம் 12,500, ஆண்டுக்கு 1,50,000, மூன்றாண்டுக்கு 4,50,000 ரூபாய். விடுமுறை நாளில் வேலைக்குப் போவோர் அதனைக் கழித்துக்கொள்ளலாம். கழித்தபின் மிஞ்சுவதே நம் இருக்கையின் உண்மையான விலை. கல்லூரிப் பிள்ளைகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-லும் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024-லும் தொடங்கப்பட்டதன் பொருளியல் நியாயம் இதுவே. மேற்சொன்ன கணக்கில் அத்தொகை நூற்றுக்கு எட்டு பங்குதான். ஆயினும் ஏட்டில் ஏறாத செலவை அரசு ஏட்டில் ஏற்றியது பெரிது.

இரண்டாம் ஆண்டு தொடங்கும்போது வகுப்பில் சில இருக்கைகள் காலியாகின்றன. ‘படிப்பில் நாட்டமில்லை’ என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். தந்தை நோயில் விழுந்த வீட்டில் அதே 500 ரூபாயின் எடை கூடிவிடுகிறது என்பதை நாம் பார்ப்பதில்லை. அத்தகைய நண்பரிடம் ‘ஓராண்டு படித்தது வீணாகிறதே’ என்று சொல்வதில் பொருளில்லை, அது மாறிலி. சொல்ல வேண்டியது வேறு. முதலாண்டில் சேரும்போது ஒரு பட்டத்துக்காக மூன்றாண்டுக் கூலியைத் துறக்க வேண்டியிருந்தது. மூன்றாம் ஆண்டின் வாயிலில் நிற்பவர் அதே பட்டத்துக்கு ஓராண்டுக் கூலியை மட்டுமே துறக்க வேண்டும். போன நாட்களுக்காக அன்று, எஞ்சியிருப்பது குறைவு என்பதற்காகத் தொடரலாம். இடையில் நின்றவருக்கும் இதே விதிதான். ‘ஓராண்டு போய்விட்டதே’ என்பது திரும்பி வராமலிருக்கக் காரணமாகாது.

இன்னொரு சிறு கணக்கும் உண்டு. நாளுக்கு ஐந்து பாடவேளை என்றால் 500 ரூபாய்க் கூலியில் ஒரு பாடவேளையின் விலை 100 ரூபாய். 60 பேர் உள்ள வகுப்பில் ஒரு பாடவேளை நடவாமற்போனால் 60 வீடுகளின் 6,000 ரூபாய் போகிறது. அதற்கும் ரசீது இல்லை. வகுப்பை வெட்டிப் பேருந்து நிலையத்தில் நிற்கும் நாமும், வகுப்பை நடத்தும் ஆசிரியப் பெருமக்களும் இதனை நினைவில் கொள்வது நன்று.

போன செலவை எண்ணி மலைக்காமல், காணாத செலவை எண்ணி விழித்திருப்பதே நல்ல மேலாளர்க்கு அழகு. அவரவர் காலத்துக்கு அவரவரே மேலாளர் அல்லவா?