நம்மைப் படிக்கும் பொருள்கள் – 11: எந்தக் கார் ஊமை?

கார் வாங்கப் போகிறவர் மைலேஜ் கேட்பார், ஏர்பேக் எத்தனை என்பார், ஆன்ரோடு விலையில் பேரம் பேசுவார். ‘இந்த வண்டிக்குள் சிம் இருக்கிறதா?’ என்று கேட்பவர் அபூர்வம். 2019-இல் ஹூண்டாய் வென்யூ, எம்ஜி ஹெக்டர், கியா செல்டோஸ் என அடுத்தடுத்து இணைய வசதியுள்ள கார்கள் இந்தியச் சாலைக்கு வந்தன. அப்போதிருந்தே கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது. வீட்டிலிருந்தபடி ஏசியைப் போடலாம், வண்டி எங்கே நிற்கிறது என்று போனில் பார்க்கலாம். நீங்கள் பார்க்கும் அதே இடத்தை நிறுவனத்தின் சர்வரும் பார்க்கிறது.

‘அப்படியானால் தரவைத் தொடாத நல்ல கம்பெனி எது?’ என்பதுதான் பலரும் கேட்கும் முதல் கேள்வி. அதற்கு விடை தேடி மொசில்லா அறக்கட்டளை 2023-இல் 25 கார் நிறுவனங்களின் தனியுரிமைக் கொள்கைகளைப் படித்துப் பார்த்தது. 25-உம் தேறவில்லை. அதுவரை அவர்கள் ஆராய்ந்த பொருள் வகைகளிலேயே கார்தான் படுமோசம் என்றார்கள். 84 சதவீத நிறுவனங்கள் தரவைப் பிறருக்குப் பகிரவோ விற்கவோ முடியும் என்று தாங்களே எழுதி வைத்திருந்தன. ஆக, லோகோ பார்த்துத் தப்பிக்க வழியில்லை.

பகிர்ந்தால் என்ன ஆகும்? அமெரிக்காவில் ஷெவர்லே போல்ட் ஓட்டிய ஒருவருக்கு 2022-இல் காப்பீட்டு பிரீமியம் 21 சதவீதம் ஏறியது. காரணம் தேடியவர், லெக்ஸிஸ்நெக்ஸிஸ் என்ற தரவு நிறுவனத்திடமிருந்து தன்னைப் பற்றிய அறிக்கையைக் கேட்டு வாங்கினார். 258 பக்கம். எத்தனை மணிக்குக் கிளம்பினார், எவ்வளவு தூரம் போனார், எத்தனை முறை சடாரென்று பிரேக் அடித்தார் என்று பயணம் பயணமாகப் பதிவாகியிருந்தது. கொடுத்தது அவருடைய கார். 2024 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸ் இதை வெளியிட்டதும், தரவு நிறுவனங்களுக்குக் கொடுப்பதை ஷெவர்லேயைத் தயாரிக்கும் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுத்திக்கொண்டது. சில வண்டிகளின் இருப்பிடம் 3 விநாடிக்கு ஒருமுறைகூடப் பதிவானது என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் குற்றம் சாட்டியது. இத்தகைய தரவை நுகர்வோர் மதிப்பீட்டு நிறுவனங்களுக்குக் கொடுக்க 5 ஆண்டுத் தடை விதிக்கும் உத்தரவை 2025 ஜனவரியில் முன்வைத்தது.

இதில் நாம் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. ஓட்டும் விதத்தைப் பதிவு செய்த ஜெனரல் மோட்டார்ஸின் திட்டத்தில் தாங்கள் சேர்க்கப்பட்டதே பலருக்குத் தெரியாது. கார் விற்ற இடத்திலேயே, சேவையை இயக்கி வைக்கும்போதே சம்மதமும் பதிவாகிவிட்டது. நம்மூர் டெலிவரி நாளை நினைத்துப் பாருங்கள். மாலை, கேக், குடும்பத்தோடு போட்டோ. அந்தக் களேபரத்தில் சேல்ஸ்மேன், “சார், போனைக் கொஞ்சம் கொடுங்க, ஆப் போட்டுடலாம்” என்கிறார். ஓடிபி சொல்கிறோம். ‘சம்மதம்’ என்ற பொத்தானை அழுத்துவது அவர் விரல்.

ஆகவே எந்த கம்பெனி என்பதைவிட எந்த வேரியன்ட் என்பதுதான் முக்கியம். இங்கே ஒரே மாடலில் கீழ்நிலை வேரியன்ட்கள் பலவற்றில் இ-சிம் கிடையாது. பெரிய திரை, சன்ரூஃப் என மேலே போகப் போக அதுவும் ஒட்டிக்கொண்டு வரும். மின்சாரக் கார் என்றால் பெரும்பாலும் இணைப்போடுதான் வரும். மேல் வேரியன்ட்தான் வேண்டுமென்றால், முன்பணம் கட்டுவதற்கு முன்பே கேளுங்கள்: ஆப்பைப் போடாமல் வண்டி எடுக்கலாமா? இலவசச் சந்தா முடிந்தபின் தரவு போவது நிற்குமா? இருப்பிடப் பகிர்வை அணைக்கும் இடம் மெனுவில் எங்கே? டெலிவரியை ஒரு மணி நேரம் தள்ளிப்போட்டாலும் பரவாயில்லை, ஆப்பை உங்கள் விரலால் போடுங்கள்.

‘விபத்து நேர்ந்தால் உதவிக்கு சிம் வேண்டாமா?’ என்பார்கள். நியாயம்தான். ஆனால் உயிர் காக்க ஊர் சுற்றுவதையெல்லாம் கண்காணிக்கத் தேவையில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மார்ச் 31 முதல் புதிய கார் மாடல்களுக்குக் கட்டாயமான ‘இ-கால்’ கருவி, பெரிய மோதல் நிகழும்வரை அல்லது யாராவது பொத்தானை அழுத்தும்வரை உறங்கியே கிடக்கும். அதன் பிறகுதான் 112-ஐ அழைத்து இடத்தைச் சொல்லும். ஆக, கண்காணிப்பது நிறுவனங்களின் விருப்பம். பாதுகாப்பு அதற்குச் சொல்லப்படும் சாக்கு.

நம் கையிலும் ஒரு சட்டம் இருக்கிறது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023. சம்மதம் சுதந்திரமானதாக, குறிப்பான நோக்கத்துக்கானதாக, விஷயம் தெரிந்து கொடுத்ததாக இருக்க வேண்டும். அதைத் திரும்பப் பெறுவதும் கொடுத்த அளவுக்கே எளிதாக இருக்க வேண்டும் என்கிறது அது. சம்மதம் கேட்கும் அறிவிப்பை எட்டாவது அட்டவணை மொழிகளில் படிக்கும் வாய்ப்பும் தரப்பட வேண்டும்; தமிழ் அதில் ஒன்று. விதிகள் 2025 நவம்பரில் வந்துவிட்டன. நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர அதிலிருந்து 18 மாதம் அவகாசம். அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. ‘தமிழ் அறிவிப்பு இருக்கிறதா?’ என்று இப்போதே நாலு பேர் கேட்டால், ஷோரூம் மேலிடத்தைக் கேட்கும்.

பழைய கார் வாங்குவோருக்கு ஒரு வார்த்தை. ஆர்.சி. பெயர் மாறினால் ஆப்பில் பெயர் மாறிவிடாது. பழைய உரிமையாளரின் கணக்கு நீக்கப்படாவிட்டால், உங்கள் வண்டி எங்கே நிற்கிறது என்று அவர் வீட்டிலிருந்தே பார்க்க முடியலாம். கணக்கை நீக்கியதை உங்கள் கண்ணெதிரே காட்டச் சொல்லிவிட்டு மீதிப் பணத்தைக் கொடுங்கள். விற்பவரும் திரையில் ‘ஃபேக்டரி ரீசெட்’ செய்துவிட வேண்டும். ப்ளூடூத் வழியே ஏறிய உறவினர், நண்பர் எண்களெல்லாம் அதற்குள்தான் இருக்கும்.

அடுத்த வாரம்: ‘எப்படி ஓட்டுகிறீர்களோ அப்படிக் கட்டுங்கள்’ என்ற காப்பீட்டுக்கு 2022-இல் இங்கும் அனுமதி கிடைத்துவிட்டது. அதில் யாருக்கு லாபம்?

(தொடரும்)